எந்த ஊர் என்று எழுதவில்லையே

நான் கல்யாண வீடியோ எடுக்கிறவன். சத்துவாச்சாரியில் ஒரு மாடி அறை, இரண்டு கேமரா, ஒரு டிரோன், தவணை முடியாத ஒரு கம்ப்யூட்டர். ஆவணியிலும் தையிலும் தூக்கம் கிடையாது, ஆடியிலும் மார்கழியிலும் வேலை கிடையாது. ஆற்காடு, குடியாத்தம், ஆம்பூர், ஆரணி என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் நான் கால் வைக்காத மண்டபம் கொஞ்சம்தான். மாப்பிள்ளை திரும்பிப் பார்த்துச் சிரிக்கவேண்டும், பெண் தலை குனியவேண்டும், பின்னால் ஒரு பாட்டு ஓடவேண்டும். பதினான்கு வருஷமாக இதைத்தான் வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

2025 ஏப்ரல் கடைசியில் ஒருநாள் காலை எழுந்து போனைப் பார்த்தால் வாட்ஸப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ். கனடாவிலிருந்து, ஸ்கார்பரோவில் இருக்கும் என் நண்பன். "மச்சான், எனக்கு ஒரு அம்மா வேணும்டா. குரல் மட்டும் போதும். ஒண்ணரை நிமிஷம்."

அவன் ஒரு குறும்படம் எடுத்திருந்தான். பதினான்கு நிமிஷம். பனிக்கொட்டும் மூன்று வார இறுதிகளில், போனிலேயே. ஒரு பேஸ்மென்ட் வீடு. ஒரு தமிழ்ப் பையனும் ஒரு பிலிப்பினோ பையனும் சேர்ந்து வாழ்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழ்ப் பையன் அம்மாவுக்கு போன் போட்டு விஷயத்தைச் சொல்கிறான். அவ்வளவுதான் கதை. அம்மா படத்தில் வரமாட்டார், போனில் அவர் குரல் மட்டும் கேட்கும். மற்றதெல்லாம் கிடைத்துவிட்டது, அந்தக் குரல் கிடைக்கவில்லை. அங்கே தெரிந்த இரண்டு பெண்களிடம் கேட்டிருக்கிறான். ஒருவர் வசனத்தைப் படித்துவிட்டு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டார். இன்னொருவர் பேசித் தருகிறேன், ஆனால் என் பெயர் எங்கேயும் வரக்கூடாது என்றார். அவர் பேசியதை இவனே பிறகு வேண்டாமென்று வைத்துவிட்டான்.

அவனும் நானும் ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அவன் முகாம் பையன். பழைய வட ஆற்காட்டில் இருக்கும் இலங்கைத் தமிழர் முகாம்களில் ஒன்று. எது என்று சொல்லப்போவதில்லை. 1990-இல் மறுபடி சண்டை மூண்டபோது அவன் அம்மா மன்னாரிலிருந்து படகில் வந்து இறங்கியவர். மண்டபம் முகாமில் பதிவு, அங்கிருந்து வேலூர்ப் பக்கம். இவன் அடுத்த வருஷம் பிறந்தான். எங்களோடு இருக்கும்போது "இன்னாடா, எப்ப வந்துகினே" என்று எங்களைவிட நன்றாகவே வேலூர்த் தமிழ் பேசுவான். முகாமுக்குள் நுழைந்ததும் செருப்பை வாசலில் விடுகிற மாதிரி அதை விட்டுவிட்டு, "ஓம் அம்மா, வாறன்" என்பான். முதல் தடவை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டே, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு என்று. சாமி 1981-இல் வந்துவிட்டார். ஆறு அப்படியேதான் இருக்கிறது. ராஜா விஷயத்தில் அவன் ஒத்துக்கொள்ளமாட்டான். கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கனை ஆங்கிலேயர்கள் பிடித்துவந்து வேலூரில்தான் அடைத்துவைத்தார்கள். 1832-இல் இங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என்று சமாதி இருக்கிறது. "எங்க ஆளுங்கள்ல மொதல்ல வந்தவரு அவருதான்டா. அவருக்கும் வெளிய போக பர்மிஷன் கெடயாது" என்பான்.

அவன் எப்படிக் கனடா போய்ச் சேர்ந்தான் என்பது இங்கே வேண்டாம். 2018 செப்டம்பர் 6, ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவைப் பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன அன்று இரவு அங்கிருந்து கூப்பிட்டான். நியூஸ் பார்த்தியா என்றான். பார்த்தேன் என்றேன். "அது எனக்கும் சேத்துதான்டா." நான் கேட்டது என்ன தெரியுமா? டாக்டர் யாரையாவது பார்த்தியா என்று. போனை வைத்துவிட்டான். நான்கு மாதம் பேச்சில்லை. பத்தாம் வகுப்பில் பின் பெஞ்சிலிருந்து ஒருத்தன் அவனை ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது நானும் சேர்ந்து சிரித்தது அந்த நான்கு மாதத்தில் அடிக்கடி ஞாபகம் வந்தது.

அவனுக்கு மூன்று நாடு, மூன்று சட்டம். அம்மா விட்டுவந்த இலங்கையில் 365, 365ஏ என்ற பிரிவுகள் இன்னும் தண்டனைச் சட்டத்தில் இருக்கின்றன. 1995-இல் 365ஏ-வைத் திருத்தினார்கள், பெண்களையும் உள்ளே சேர்ப்பதற்காக. பிறந்த இந்தியாவில் 2018 வரை குற்றம். 2023 அக்டோபரில் திருமண உரிமை கேட்டுப் போனவர்களுக்கு உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. இப்போது இருக்கிற கனடாவில் 2005 முதல் கல்யாணமே செய்துகொள்ளலாம். நான்கூட ஒருதடவை கேட்டேன், அதான் அங்கே எல்லாம் சரியாகிவிட்டதே, அப்புறம் எதற்குப் படம் என்று. அவன் சொன்ன கணக்கு இது. டொராண்டோவில் சர்ச் தெருவும் வெலஸ்லி தெருவும் சந்திக்கிற பக்கம் வானவில் கொடி கட்டிய கடைகள் உண்டு. அங்கே போனால் இவனை யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஆனால் அங்கே தமிழ் கிடையாது. தமிழ் வேண்டுமென்றால் ஸ்கார்பரோவின் மளிகைக் கடைக்கும் கோயிலுக்கும் பூப்புனித விழா ஹாலுக்கும்தான் வரவேண்டும். இங்கே எல்லாரும் யாரோ ஒருவருக்குச் சித்தப்பா. சட்டம் சித்தப்பாவைத் தடுக்காது. அகதியாக வந்த சனத்துக்குச் சொந்தம் ஒன்றுதான் கையோடு வந்த சொத்து. அதைப் பகைத்துக்கொண்டு போனவனுக்கு வேலை சொல்ல, வாடகைக்கு ஜாமீன் நிற்க, செத்தால் தூக்க ஆள் இல்லை.

ஏன் சினிமா என்பதற்கும் பதில் வைத்திருந்தான். நோட்டீஸ் அடித்துக் கொடுத்தால் அம்மாக்கள் வாங்கி மடித்துப் பைக்குள் வைப்பார்கள், அதுவும் ஆங்கிலத்தில் இருந்தால் அதோடு சரி. கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வரமாட்டார்கள். ஆனால் எந்தத் தமிழ் வீட்டிலும் டிவியோ போனோ ஏதாவது ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. வெங்காயம் உரித்துக்கொண்டே பார்ப்பார்கள். பார்க்கவில்லை என்றும் சொல்லிக்கொள்ளலாம். அந்த வசதி வேறு எதிலும் இல்லை.

இதெல்லாம் புதிதும் இல்லை. 1991-இலேயே பிரதிபா பார்மர், நைரோபியில் பிறந்து சிறுவயதில் பிரிட்டனுக்குக் குடிபெயர்ந்தவர், 'குஷ்' என்று ஒரு ஆவணப்படம் எடுத்தார். பிரிட்டனிலும் வட அமெரிக்காவிலும் இந்தியாவிலும் வாழ்ந்த தெற்காசியத் தன்பாலீர்ப்பாளர்கள் அதில் பேசினார்கள். பிரிட்டனில் சேனல் ஃபோர் தொலைக்காட்சிக்காக எடுத்த படம் அது. வீட்டு டிவிக்காக எடுத்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. அந்தக் காலத்தில் இப்படி ஒன்று எடுக்க ஒரு சேனல் காசு போடவேண்டியிருந்தது. இப்போது போன் போதும். குரல்தான் சிக்கல்.

சரி, என் பங்குக்கு நான் முதலில் என் அத்தையைப் பேசவைத்தேன். அத்தைக்கு நல்ல கணீர்க் குரல், மாரியம்மன் கோயில் கூழ் ஊற்றும்போது மைக்கில் அவர்தான். வசனம் எழுதியிருந்ததெல்லாம் ஈழத் தமிழ். "என்ன மகன், குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?" என்று இருக்கும். அத்தை வாயில் அது "இன்னாடா கண்ணு, கொரலு ஒரு மாதிரி கீது?" என்று வந்தது. திருத்தச் சொன்னால் டிவி சீரியல் மாதிரிப் பேசினார். அனுப்பினேன். பதில் ஒரே வரி: "இது உங்க அத்தைடா."

எனக்குக் கோபம் வந்தது. ஒன்றரை நிமிஷக் குரலுக்கு இவ்வளவு அலட்டலா என்று கேட்டேன். அதற்கு அவன் 'ஃபன்னி பாய்' கதையைச் சொன்னான். கொழும்பில் பிறந்து, 1983 கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு கனடா போன ஷியாம் செல்வதுரை 1994-இல் எழுதிய நாவல். ஒரு தமிழ்ப் பையன் தன்னைத் தெரிந்துகொள்கிற கதை. அந்தக் கலவரமும் அதிலேயே வருகிறது. அதை 2020-இல் தீபா மேத்தா படமாக எடுத்தார். கனடாத் தமிழர்கள் காத்திருந்த படம். வந்தபோது பலருக்குக் கோபம். முக்கியப் பாத்திரங்களில் நடித்தவர்கள் பேசிய தமிழ், தமிழ் மாதிரியே இல்லை. எதிர்ப்பு வந்த பிறகு சில வசனங்களை மறுபடி டப் செய்தார்கள். இன்னொரு வேடிக்கை: ஆஸ்கரில் சர்வதேசப் படப் பிரிவுக்குக் கனடா அந்தப் படத்தைத்தான் அனுப்பியது, ஆங்கில வசனம் அதிகமாக இருக்கிறது என்று திரும்பி வந்துவிட்டது. "எங்க கதையில எங்க பாஷைதான்டா கம்மியா இருந்திச்சு" என்றான். "அந்தப் பையன் வாயைத் தொறந்தப்ப எங்கம்மா பக்கத்துல இருந்திருந்தா 'இது ஆர்ர பிள்ளை' எண்டு கேட்டிருப்பா. அதோட படம் முடிஞ்சுது." கோபம் வந்தால் அவனுக்கு இரண்டு தமிழும் கலந்துவிடும்.

டொராண்டோவில் யாழ்ப்பாணத் தமிழுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவனுக்கு வேண்டியது மன்னார்த் தமிழில் முப்பத்தைந்து வருஷ வேலூர் ஊறிய குரல். "எண்டு" என்று சொன்ன வாயால் அடுத்த வரியிலேயே "துட்டு" என்று சொல்லவேண்டும். அப்படிப் பேசுகிறவர்கள் உலகத்தில் சில முகாம்களில்தான் இருக்கிறார்கள். அதில் ஒருவரை எங்கள் இரண்டு பேருக்குமே நன்றாகத் தெரியும். யார் முதலில் சொல்வது என்றுதான் ஒரு வாரம் ஓடியது. நான்தான் சொன்னேன். ரொம்ப நேரம் கழித்து "எனக்குத் தெரியாது, நீ பாத்துக்கோ" என்று வந்தது.

அந்த வாரத்தில்தான் நான் 'தி வெட்டிங் பேங்க்வெட்' பார்த்தேன். ஆங் லீ 1993-இல் எடுத்தது, பெர்லினில் தங்கக் கரடி வாங்கிய படம். கல்யாணப் படம் என்று அவன் சொன்னதால் பார்த்தேன். தைவானிலிருந்து வந்து நியூயார்க்கில் வாழும் ஒருவன், ஓர் அமெரிக்கனோடு குடித்தனம் நடத்துகிறான். பெற்றோரைச் சமாளிக்க ஒரு பெண்ணோடு பொய்க் கல்யாணம். பெற்றோரே விமானம் ஏறி வந்துவிடுகிறார்கள், அது பெரிய விருந்தில் போய் முடிகிறது. அந்த விருந்துக் காட்சியில் நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மாப்பிள்ளையைக் குடைகிற சொந்தக்காரர்கள், முடியவே முடியாத கூத்து, எதற்கென்றே தெரியாமல் சிரித்துக்கொண்டு நிற்கிற ஜோடி. ஆற்காடு ரோட்டில் எந்த மண்டபத்திலும் இதை எடுக்கலாம். அப்புறம் ஒரு இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. ஆங்கிலமே தெரியாதவர்போல இருக்கும் அந்த அப்பா, மகனின் துணைவனிடம் தனியாக ஆங்கிலத்தில் பேசுகிறார். அவருக்கு எல்லாம் தெரியும். கையில் ஒரு சிவப்பு உறையைக் கொடுக்கிறார். யாருக்கும் சொல்லவேண்டாம் என்கிறார். நான் அந்த இடத்தை நான்கு தடவை ஓட்டிப் பார்த்தேன். கல்யாண வீடியோவில் இப்படி ஒரு முகம் சிக்கினால் நாங்கள் வெட்டிவிடுவோம். பாட்டுக்கு ஒத்துவராது.

மே மாதம், அக்னி நட்சத்திரம். அவன் அம்மாவே பஸ் ஏறி சத்துவாச்சாரிக்கு வந்தார். மாலைக்குள் திரும்பிவிடவேண்டும் என்று சொல்லிக்கொண்டேதான் படியேறினார். முகாம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். மேல்மொணவூரில் முதலமைச்சர் வந்து வீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது 2021 நவம்பரில், மொத்தம் 7,469 வீடு கட்டுவதாக அறிவிப்பு. அதற்கு முன்பே அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியிருந்தார்கள். "பேர் நல்லாத்தான் இருக்கு தம்பி" என்றார். அவ்வளவுதான்.

ஒலிப்பதிவு அறை என்று எனக்கு ஒன்றும் கிடையாது. ஜன்னலுக்கு இரண்டு கம்பளி, கதவுக்கு ஒரு ஜமக்காளம், ஃபேனையும் ஏசியையும் அணைத்துவிடவேண்டும். வேலூர் வெயிலில் மூன்று நிமிஷம் தாங்கினால் பெரிது. அவர் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடி போட்டு, நான் பிரிண்ட் எடுத்திருந்த இரண்டு தாளையும் படித்தார். இது உங்கள் மகன் எழுதிய நாடகம், அவன் எடுத்த படம் என்று சொல்லியிருந்தேன். மகனின் கதை என்று சொல்லவில்லை. அவனும் அம்மாவிடம் அதுவரை சொன்னதில்லை. அவர் இரண்டாவது தடவையும் முதல் வரியிலிருந்து படித்தார். நான் மைக் வயரைச் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தேன்.

அதே மாதம்தான் சென்னை உயர் நீதிமன்றத்தில் அந்தத் தீர்ப்பு வந்தது. ஒரு பெண், தன் துணைவியை அவள் வீட்டார் அடைத்துவைத்திருக்கிறார்கள் என்று போட்ட ஆட்கொணர்வு மனு. எதிர்மனுதாரர், நம்ம வேலூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர். 25 வயதுப் பெண்ணை அவள் விருப்பப்படி போகவிட்டு, கல்யாணம் இல்லாமலும் குடும்பம் அமையலாம் என்று இரண்டு நீதிபதிகள் எழுதினார்கள். எல்லாப் பெற்றோரும் லீலா சேத் போல இருப்பதில்லை என்றும் அதில் ஒரு வரி வரும். லீலா சேத், மகன் விக்ரம் சேத்துக்காக வெளிப்படையாக நின்ற தாய், நீதிபதியாக இருந்தவர். அதற்கு முன், 2021-இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தானே ஆலோசகரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்ட பிறகு ஒரு தீர்ப்பு எழுதினார். அந்த வழக்கின் தொடர்ச்சியாக 2022-இல் இவர்களை எப்படி மரியாதையாகக் குறிப்பிடுவது என்று அரசாங்கம் சொல்பட்டியலே வெளியிட்டது. அதில் வரும் பால்புதுமையர் போன்ற சொற்கள் பத்திரிகைக்கும் கோர்ட்டுக்கும் அவசியம். நண்பனின் படத்தில் அப்படி ஒரு சொல்லும் கிடையாது. பையன் சொல்வதெல்லாம், "அம்மா, நான் தனிய இல்லை. ஒராளோட இருக்கிறன். அவன்ட பேர்…" என்பதுதான்.

முதல் இரண்டு வரியும் ஒரே டேக்கில் வந்துவிட்டன. மூன்றாவது வரி, "ஊர் என்ன கதைக்கும் எண்டு யோசிச்சனீயே?" அங்கே நின்றுவிட்டார். மறுபடி சொன்னார். மறுபடி நின்றார்.

"தம்பி, இந்த இடம் எனக்கு வாயில வருதில்லை."

கஷ்டமாக இருக்கிறதா அம்மா, விட்டுவிடலாமா என்றேன்.

"கஷ்டமில்லை. எந்த ஊர் எண்டு எழுதேல்லையே. மன்னாரோ? அங்க இப்ப ஆர் இருக்கினம்? முகாமோ? அது ஒரு ஊரோ? கனடாவெண்டால் எனக்கு அந்த ஊரைத் தெரியாது."

ஊர் என்ன சொல்லும் என்பது தமிழ்ப் படத்தில் எத்தனை ஆயிரம் அம்மாக்கள் அழுதுகொண்டே சொன்ன வசனம். எனக்கோ, அதை எழுதிய அவனுக்கோ தோன்றவில்லை, அதைச் சொல்ல முதலில் ஓர் ஊர் வேண்டும் என்று.

"அப்ப நீங்க என்னம்மா கேப்பீங்க?"

கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். நான் ஃபேனைப் போடக்கூட மறந்து, ரெக்கார்ட் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது எரிந்துகொண்டுதான் இருந்தது.

"வாடகைத் துட்டு ஆர் கட்டுறது, ரெண்டு பேரும் சேர்ந்தோ?" என்றார்.

என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. மைக்கைப் பார்த்துக் கேட்டார். அதற்குப் பிறகு அவரும் ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒரே டேக்தான் இருக்கிறது. முடிவில், தெருவில் போகிற தண்ணி லாரியின் ஹாரன் லேசாகக் கேட்கும்.

அனுப்பினேன். ஆறு மணி நேரம் நீல டிக் மட்டும். பிறகு, "அதையே வை."

சொல்வது சுலபம். பையனின் முகத்தை அவன் பழைய வசனத்துக்காக எடுத்திருந்தான். அம்மா 'ஊர்' என்றதும் நடிகன் கண்ணைத் தாழ்த்தி, உதட்டைக் கடித்து, ஒரு விநாடி கழித்து நிமிர்வான். அவமானப்பட்ட முகம். அதே ஷாட்டின்மேல் வாடகைக் கேள்வியை வைத்தேன். அதே கண், அதே உதடு. இப்போது அவன் வெட்கப்படுகிறான், சிரிப்பை அடக்குகிறான். ஒரே முகத்தின் பக்கத்தில் வேறு வேறு படத்தை ஒட்டினால் முகமே மாறித் தெரியும் என்று ரஷ்யாவில் குலெஷோவ் செய்துகாட்டி நூறு வருஷம் ஆகிறது. தெரிந்த வித்தைதான். இருந்தாலும் அன்று எனக்குப் புல்லரித்துவிட்டது. அவர் வரி கொஞ்சம் நீளம் என்பதால் ஷாட்டைப் பதினொரு ஃப்ரேம் கூடுதலாக விட்டேன், அரை விநாடிக்கும் குறைவு. லாரி ஹாரனை நீக்கிவிடவா என்று கேட்டேன். வேண்டாம், இருக்கட்டும், ஸ்கார்பரோவில் அப்படி ஒரு சத்தமே கிடையாது என்றான்.

படத்தை அவன் இதுவரை போட்டுக் காட்டியது ஒரு பேஸ்மென்டில், பிறந்தநாள் என்று சொல்லிக் கூப்பிட்ட பதினோரு பேருக்கு. அதில் இரண்டு பேர் அம்மாக்கள். என்ன சொன்னார்கள் என்றால், ஒருவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பாடு கட்டிக்கொண்டு போனாராம். இன்னொருவர், போனில் பேசுகிற அந்த அம்மா எந்தப் பக்கம், மன்னாரோ என்று கேட்டாராம். அவனுக்கு அது போதுமாக இருந்தது. இப்போது விழாக்களுக்கு அனுப்புவதற்காகச் சப்டைட்டில் போட்டுக்கொண்டிருக்கிறான். 'துட்டு' என்பதை எப்படி எழுதுவது என்று போன வாரம் கேட்டான்.

ஒலிப்பதிவு நாளில் இன்னொன்றும் நடந்தது. வேலை முடிந்து மோர் கொடுத்தேன். படத்தின் கடைசியில் பெயர் போடுவார்கள், உங்கள் பெயர் வரட்டுமா, வேண்டாமென்றால் விட்டுவிடலாம் என்று மெதுவாகக் கேட்டேன். கனடாவில் பெயர் வேண்டாம் என்று சொன்ன அந்தப் பெண்ணை மனதில் வைத்துத்தான் கேட்டேன்.

"போடுங்கோ. ஆனா அட்டையில கிடக்கிற பேரைப் போடாதேங்கோ தம்பி. அது பிழை. வந்திறங்கின அண்டு எழுதினவை ஒரு எழுத்தை விட்டிட்டினம். முப்பத்தஞ்சு வருஷமா அந்தப் பேர்லதான் அரிசி வாங்கிறன்."

என் பேனாவை வாங்கி, வசனத் தாளின் பின்பக்கம், அப்பாவின் தலையெழுத்தோடு முழுப் பெயரையும் எழுதினார். நான் டைம்லைனின் கடைசிக்குப் போய், கறுப்புத் திரையில் 'அம்மாவின் குரல்' என்று அடித்து, அதன் கீழே பெயரை அடித்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மானிட்டர் பக்கத்தில் வந்து, விரலால் தொடாமல் எழுத்தெழுத்தாகப் பார்த்தார்.

"சரியாத்தான் இருக்கு. கொஞ்சம் பெரிசாப் போடேலாதோ?"

36-இல் இருந்ததை 48 ஆக்கினேன்.